அணுகுண்டு ஆயுதமான இடம்: வெண்டோவர் பாலைவனத் தளத்தின் போர்க்கால வரலாறு

கேள்வி இதுதான்: ஹிரோஷிமா மீது அணுகுண்டு வீசிய விமானப் பிரிவு, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் வெண்டோவர் என்னும் ஆளரவமற்ற பாலைவனத் தளத்தில் பயிற்சி பெற்றது என்கிறார்கள். அந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? அங்கே நடந்தது வெறும் பயிற்சிதானா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அங்கே நடந்தது வெறும் பயிற்சி அல்ல. அணுகுண்டின் வரலாறு என்றாலே லாஸ் அலமோஸ் ஆய்வகத்தையும் அங்கிருந்த விஞ்ஞானிகளையும் பற்றியே பேசிப் பழகிவிட்டோம். ஆனால் ஆய்வகத்தில் உருவான ஒரு கருவியை விமானத்தில் ஏற்றவும், ஒன்பது கிலோமீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து குறி தவறாமல் விழச் செய்யவும், சரியான உயரத்தில் வெடிக்க வைக்கவும், வீசிய விமானம் உயிர் தப்பவும் வழி கண்ட வேலையின் பெரும்பகுதி வெண்டோவரில்தான் நடந்தது. ஒரு நகரத்தை அழிக்க உதவிய வேலை அது என்பதை மறக்காமல்தான் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதே காரணத்துக்காகவே அதை நுணுக்கமாகவும் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். சால்ட் லேக் சிட்டியிலிருந்து மேற்கே ஏறத்தாழ 190 கிலோமீட்டர் தொலைவில், யூட்டாவும் நெவாடாவும் தொடும் எல்லைக்கோட்டின் மீது அமைந்த சிற்றூர் வெண்டோவர். ஊரின் கிழக்கே போன்வில் உப்புவெளி விரிகிறது. பனியுகத்தில் அங்கே பரந்து கிடந்த ஒரு பேரேரி வற்றி, புல் பூண்டு முளைக்காத வெள்ளை உப்புப் பாளத்தை விட்டுச் சென்றது. கோடையில் கண்ணைக் கூச வைக்கும் வெயிலும் கானல்நீரும், குளிர்காலத்தில் உப்பின் மேல் மெல்லிய படலமாகத் தேங்கும் தண்ணீரும், எலும்பைத் துளைக்கும் காற்றும் அந்த மண்ணின் இயல்பு. தொன்றுதொட்டு அப்பகுதியில் வாழ்ந்தவர்கள் கோஷூட் பழங்குடி மக்கள். 1900களின் தொடக்கத்தில் வெஸ்டர்ன் பசிபிக் ரயில்பாதை அவ்வழியே போடப்பட்டபோது நீராவி எஞ்சின்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் நிறுத்தமாக ஊர் பிறந்தது. அந்தத் தண்ணீரும் உள்ளூரில் கிடைக்கவில்லை. வடக்கே பைலட் சிகரத்தின் அடிவாரத்து ஊற்றுகளிலிருந்து குழாய் வழியே வந்தது. அமெரிக்காவின் இரு கரைகளையும் இணைத்த முதல் தொலைபேசித் தடத்தின் கம்பிகள் 1914இல் வந்து சேர்ந்ததும் இதே ஊரில்தான். எங்கிருந்து பார்த்தாலும் தொலைவாக இருந்ததே அந்த ஊருக்கு வாய்த்த தகுதி.

ஐரோப்பாவில் போர் மூண்டபின், 1940இல், அமெரிக்க ராணுவத்தின் விமானப் பிரிவு குண்டுவீச்சுப் பயிற்சிக்குப் பெரிய வெற்று நிலங்களைத் தேடியது. வெண்டோவரில் அது வேண்டியதெல்லாம் இருந்தது. நிலம் பெரும்பாலும் அரசுக்குச் சொந்தம், குடியிருப்பு கிடையாது, ஆண்டின் பெரும்பகுதி வானம் தெளிவாக இருக்கும், ரயில்பாதை வாசலிலேயே ஓடியது. ஆட்டு மந்தைகளை மேய்த்துவந்தவர்கள் தங்கள் மேய்ச்சல் நிலம் பறிபோகிறதென்று எதிர்த்தார்கள், எதிர்ப்பு எடுபடவில்லை. ஏறத்தாழ 18 லட்சம் ஏக்கர் குண்டுவீச்சுத் திடலாக ஒதுக்கப்பட்டது. அப்போது ஊரின் மக்கள்தொகை சுமார் நூறு. 1941 ஆகஸ்டில் முதல் படையினர் வந்திறங்கினார்கள். அவ்வாண்டு டிசம்பரில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட பிறகு வேலை பன்மடங்கு வேகம் பிடித்தது.

1942 ஏப்ரலில் வந்த 306ஆம் குண்டுவீச்சுக் குழுதான் அங்கே முழுமையாகப் பயிற்சி பெற்ற முதல் பெரும்படை. பி-17 ரக விமானங்களில் பத்துப் பத்துப் பேராகக் குழு சேர்ந்து, அணிவகுத்துப் பறக்கவும், உயரத்திலிருந்து குறிபார்த்து வீசவும், பகை விமானங்களைச் சுட்டு விரட்டவும் பழகினார்கள். குறிக்காக உப்பைக் கொண்டே ஒரு போலி நகரத்தை எழுப்பினார்கள். போர்க்கப்பல்களின் முழு அளவு வடிவங்களையும் அமைத்தார்கள். நகரும் இலக்கைச் சுட்டுப் பழக, தண்டவாளத்தின் மீது ஓடும் இயந்திரத் துப்பாக்கிப் பயிற்சித் திடலும் இருந்தது. 306ஆம் குழு செப்டம்பரில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்து, 1942 அக்டோபர் 9 அன்று பிரான்ஸின் லீல் நகரின் மீது முதல் தாக்குதலுக்குச் சென்றது. அதைத் தொடர்ந்து பி-17, பி-24 விமானங்களை ஓட்டும் ஏறத்தாழ 20 குழுக்கள் வெண்டோவர் வழியாகப் போருக்குச் சென்றன. இங்கிலாந்திலிருந்து இயங்கிய எட்டாவது விமானப்படையில் மட்டும் போர் முடிவதற்குள் சுமார் 26,000 பேர் உயிரிழந்தார்கள் என்பதை நினைத்தால், அந்த உப்புவெளியில் சில மாதங்கள் தூசி தின்று பழகிய இளைஞர்களில் எத்தனை பேர் வீடு திரும்பியிருப்பார்கள் என்ற எண்ணம் எழாமல் இருப்பதில்லை.

1943இன் இறுதியில் தளத்தில் ஏறத்தாழ 17,500 படையினரும் 2,000 சிவில் ஊழியர்களும் இருந்தார்கள். நூறு பேர் வாழ்ந்த ஊரின் ஓரத்தில் கிட்டத்தட்ட இருபதாயிரம் பேர் கொண்ட நகரம் ஒன்று மூன்றே ஆண்டுகளில் முளைத்துவிட்டது. கட்டடங்கள் 668. முந்நூறு படுக்கை மருத்துவமனை, தேவாலயம், நூலகம், நீச்சல்குளம், இரண்டு திரையரங்குகள் எல்லாம் அதில் அடக்கம். ஆனால் கட்டடம் என்றதும் செங்கல்லும் சுண்ணாம்பும் நினைவுக்கு வரக்கூடாது. பெரும்பாலானவை அவசர அவசரமாக மரச்சட்டம் நிறுத்தி, பலகை அடித்து, தார் பூசிய காகிதத்தால் மூடியவை. மாலையில் போக எல்லைக்கு அப்பால் ஒரே ஓர் இடம் உண்டு. நெவாடாவில் சூதாட்டம் 1931 முதலே சட்டப்படி அனுமதிக்கப்பட்டிருந்ததால், எல்லைக்கோட்டின் மீதே நின்ற விடுதியில் ஒரு பக்கம் சாப்பாடும் மறுபக்கம் சூதாட்ட மேசையுமாக இருந்தது. படையினரை மகிழ்விக்க வந்த நகைச்சுவை நடிகர் பாப் ஹோப், ஊரின் பெயரைத் திரித்து, மிச்சம் மீதி என்று பொருள்படும் ‘லெஃப்ட்ஓவர்’ என்று அழைத்தார். அங்கே வேலை பார்த்தவர்களிடையே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

1944 வசந்தத்தில் கனரகக் குண்டுவீச்சுக் குழுக்களின் பயிற்சி அங்கே முடிந்தது. சில மாதங்கள் பி-47 தண்டர்போல்ட் (P-47) ரகப் போர்விமானங்களின் விமானிகள் பழகினார்கள். அதன்பின் தளம் காலியாகும் நிலைக்கு வந்தது. அந்த வெறுமைதான் அதன் வரலாற்றின் அடுத்த கட்டத்துக்குக் காரணமாயிற்று.

1944 செப்டம்பரில், 29 வயதான லெப்டினன்ட் கர்னல் பால் டிபெட்ஸிடம் ஒரு பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. 1942 ஆகஸ்டில் ஐரோப்பாவின் மீது அமெரிக்கக் கனரக விமானங்கள் பகலில் நடத்திய முதல் தாக்குதலில் முன்னணி விமானத்தை ஓட்டியவர் அவர். பிறகு புதிய பி-29 குண்டுவீச்சு விமானத்தைச் சோதித்துப் பார்க்கும் பணியிலும் இருந்தவர். இதுவரை இல்லாத ஒரு குண்டை வீசத் தனிப் படை ஒன்றைத் திரட்ட வேண்டும் என்பது உத்தரவு. அவருக்கு முன் வைக்கப்பட்ட தளங்கள் மூன்று: கேன்சஸ் மாநிலத்தின் கிரேட் பெண்ட், ஐடஹோவின் மவுண்டன் ஹோம், யூட்டாவின் வெண்டோவர். மூன்றாவதை வானிலிருந்து பார்த்ததும் அவர் முடிவு செய்துவிட்டார். வேலி போட்டு மறைக்க வேண்டிய தேவையே இல்லாத இடம் அது, பாலைவனமே வேலி. லாஸ் அலமோஸுக்கும் விமானத்தில் எளிதாகப் போய்வரலாம். சோதனைக் குண்டு வீசத் தேவையான கலிஃபோர்னியாவின் சால்ட்டன் ஏரியும் பறந்து திரும்பும் தொலைவில்தான்.

நெப்ராஸ்காவிலிருந்து 393ஆம் குண்டுவீச்சு ஸ்குவாட்ரன் அதே மாதம் வந்து சேர்ந்தது. 1944 டிசம்பர் 17 அன்று 509ஆம் கலப்புப் படைக்குழு முறைப்படி உருவாக்கப்பட்டது. அதற்கு அனுமதிக்கப்பட்ட ஆள்பலம் 225 அதிகாரிகளும் 1,542 வீரர்களும். ‘கலப்பு’ என்ற சொல்லில் ஒரு பொருள் உண்டு: சரக்கு விமானங்கள், பழுதுபார்ப்புப் பிரிவு, ராணுவக் காவல் பிரிவு, குண்டுகளைக் கையாளும் தனிப் பிரிவு எல்லாம் ஒரே குடையின் கீழ் இருந்தன, வெளியாரிடம் எதற்கும் கையேந்தாமல் இயங்கத்தக்க ஒரு சிறு விமானப்படை அது. வெளியிலிருந்து ஏதேனும் தேவைப்பட்டால் ‘சில்வர்பிளேட்’ என்ற குறிச்சொல்லைச் சொன்னால் போதும். மறுகேள்வி இல்லாமல் கிடைத்துவிடும்.

ரகசியம் காக்கப்பட்ட விதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எதற்காகப் பழகுகிறோம் என்பது படையினரில் மிகப் பெரும்பாலோருக்குத் தெரியாது. இங்கே கேட்டதும் பார்த்ததும் இங்கேயே இருக்கட்டும் என்று தளத்தின் வாசலில் பலகை வைத்திருந்தார்கள். விடுப்பில் போனவர்களிடம் சாதாரண உடையில் பாதுகாப்புப் பிரிவினர் வலியப் பேச்சுக் கொடுத்தார்கள். வாய்தவறியவர்கள் அலாஸ்காவுக்கு மாற்றப்பட்டார்கள். லாஸ் அலமோஸிலிருந்து வந்துபோன அறிவியலாளர்களைக் கழிவுநீர்ப் பொறியாளர்கள் என்று குடும்பத்தாரிடம் சொல்லி வைத்திருந்ததாகவும், அதை நம்பித் தம் மனைவி அவர்களில் ஒருவரை அழைத்து வீட்டில் அடைத்துக்கொண்ட சாக்கடைக் குழாயைச் சரிசெய்யச் சொன்னதாகவும் டிபெட்ஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். எல்லாம் காதும் காதும் வைத்தாற்போல நடந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இனி தொழில்நுட்ப வேலைக்கு வருகிறேன். பெரும்பாலான நூல்கள் இரண்டு வரியில் கடந்துவிடுவது இதைத்தான். தளத்தின் ஒரு மூலையில், மற்ற பகுதிகளிலிருந்து பிரித்து, தொழில்நுட்ப வளாகம் ஒன்றை அமைத்தார்கள். லாஸ் அலமோஸின் பதிவுகளில் வெண்டோவருக்கு ‘கிங்மன்’ என்பது மறைபெயர். அங்கு நடந்த திட்டத்துக்கு டபிள்யூ-47 என்பது குறியீடு. குண்டை இலக்குக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு நார்மன் ராம்சே என்ற இயற்பியலாளரின் குழுவுடையது. வெண்டோவரில் சோதனைகளை மேற்பார்வையிட்டவர் கடற்படை அதிகாரி ஃபிரெடரிக் ஆஷ்வொர்த். 1944 இலையுதிர்காலம் முதல் போர் முடியும்வரை, அணுப்பொருள் இல்லாத சோதனைக் குண்டுகள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை விமானங்கள் வீசின.

தீர்க்க வேண்டிய சிக்கல் ஒன்றல்ல. யுரேனியக் குண்டான ‘லிட்டில் பாய்’ மூன்று மீட்டர் நீளமும் ஏறத்தாழ 4,400 கிலோ எடையும் உடையது. புளுட்டோனியக் குண்டான ‘ஃபேட் மேன்’ ஒன்றரை மீட்டர் விட்டமும் ஏறத்தாழ 4,670 கிலோ எடையும் கொண்டது. முட்டை வடிவில் இருந்ததால் விழும்போது தள்ளாடக் கூடியது. அதன் வாலுக்குப் பெட்டி போன்ற வடிவம் கொடுத்து, உள்ளே சாய்தகடுகள் பொருத்திய பிறகுதான் நேராக விழத் தொடங்கியது. அடுத்தது வெடிக்கும் உயரம். தரையில் மோதி வெடித்தால் அதன் ஆற்றல் பெருமளவு மண்ணுக்குள் போய்விடும். ஆகவே சில நூறு மீட்டர் உயரத்தில் வெடிக்க வேண்டும். அந்த உயரத்தை அளக்க, விமானத்தின் பின்புறம் வரும் எதிரியை எச்சரிப்பதற்காக உருவான ஒரு சிறு ரேடாரையே மாற்றியமைத்துக் குண்டில் பொருத்தினார்கள். ஒன்று பழுதானாலும் மற்றது வேலை செய்யும்படி ஒவ்வொரு குண்டிலும் நான்கு. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,290 மீட்டர் உயரத்தில் இருக்கும் வெண்டோவரில் இந்தக் கருவியைச் சோதிப்பது மட்டும் போதாது. ஜப்பானிய நகரங்கள் கடலோரம் இருந்தன. எனவே கடல்மட்டத்துக்கும் கீழே கிடக்கும் சால்ட்டன் ஏரிக்குக் குண்டுகளைச் சுமந்து சென்று வீசிப் பார்த்தார்கள்.

குண்டை வீசவிருந்த பி-29 விமானத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. வால்பகுதித் துப்பாக்கியைத் தவிர மற்றச் சுழல்துப்பாக்கி மேடைகளையும் கவசத் தகடுகளையும் கழற்றி எறிந்ததில் மூன்று டன்னுக்கும் மேல் எடை குறைந்தது. வேகமும் உயரமும்தான் இனிப் பாதுகாப்பு. குண்டறையின் கதவுகள் காற்றழுத்தத்தால் நொடியில் திறந்து மூடும்படி அமைந்தன. இத்தனை எடையை ஒற்றைக் கொக்கியில் தொங்கவிடும் அனுபவம் அமெரிக்கர்களுக்கு இல்லாததால், பிரிட்டனின் லங்காஸ்டர் விமானத்தில் பெருங்குண்டுகளுக்குப் பயன்பட்ட பொறியை எடுத்துக்கொண்டார்கள்.

ஏற்றுவது எப்படி என்பது இன்னொரு சிக்கல். பி-29 தரையில் நிற்கும்போது வயிற்றுக்கும் தரைக்கும் இடையே இருக்கும் இடைவெளியில் இந்தக் குண்டுகள் நுழையாது. அதற்கு அவர்கள் கண்ட விடை ஒரு குழி. தளத்தின் ஓரத்தில் கான்கிரீட் சுவர் எழுப்பிய ஆழமான செவ்வகக் குழி வெட்டி, கார் பழுதுபார்க்கும் கடைகளில் வண்டியைத் தூக்கி நிறுத்தும் நீரியல் தூக்கி போன்ற ஒன்றை அதில் பொருத்தினார்கள். தார்ப்பாயால் போர்த்திய குண்டைச் சக்கர வண்டியில் இழுத்துவந்து, குழிக்கு மேலாகத் தண்டவாளத்தில் நிறுத்துவார்கள். தூக்கி மேலெழுந்து எடையைத் தாங்கியதும் வண்டியையும் தண்டவாளத்தையும் அகற்றி, குண்டைத் தொண்ணூறு பாகை திருப்பி, மெல்ல உள்ளே இறக்குவார்கள். பிறகு விமானத்தைப் பின்னோக்கித் தள்ளிவந்து, திறந்த குண்டறை குழிக்கு நேரே வரும்படி அங்குலம் அங்குலமாகச் சரிபார்த்து நிறுத்துவார்கள். கடைசியாகக் குண்டு கீழிருந்து எழும்பி விமானத்துக்குள் ஏறும், கொக்கியில் மாட்டுவார்கள், அசையாமலிருக்க இருபுறமும் தாங்கிகளை இறுக்குவார்கள். பசிபிக்கின் டினியன் தீவில் 1945 ஆகஸ்டில் இதே முறையில்தான் உண்மையான குண்டுகள் ஏற்றப்பட்டன. அதற்கான கை பழகியது இந்த உப்புவெளியில்.

விமானிகளுக்கோ தாங்கள் செய்வது விளங்கவில்லை. மற்றப் படைகள் விமானம் நிறையக் குண்டுகளைக் கொட்டிப் பழக, இவர்கள் ஒரே ஒரு குண்டை வீசிவிட்டு, உடனே தலையைச் சாய்த்து, ஏறத்தாழ 155 பாகை திரும்பி, கீழ்நோக்கி வேகமெடுத்து விலக வேண்டும். அத்தனை பெரிய விமானத்தை அப்படித் திருப்புவது அதன் உடலையே முறுக்கும் வேலை. கணக்கு எளிது, ஆனால் கொடியது: குண்டு விழ ஏறத்தாழ 43 வினாடி, வெடித்தபின் அதிர்ச்சி அலை எட்டிப் பிடிப்பதற்குள் விமானம் குறைந்தது 13 கிலோமீட்டர் விலகியிருக்க வேண்டும். கணக்கைப் போட்டவர்களுக்கு மட்டுமே அதன் பொருள் தெரியும். கடலின் மேல் வழிகண்டு பறக்கும் பயிற்சிக்காக 1945 ஜனவரியில் பத்து விமானங்களின் குழுவினர் கியூபாவுக்கு அனுப்பப்பட்டார்கள். ஃபேட் மேனின் வடிவிலேயே சாதாரண வெடிமருந்து நிரப்பிய ‘பூசணிக் குண்டு’களும் உருவாயின. ஜூலை 20 முதல் ஆகஸ்ட் 14 வரை இந்தப் படை ஜப்பான் மீது வீசிய பூசணிக் குண்டுகள் 49. ஒத்திகை என்று ஏடுகளில் எழுதப்பட்டாலும் அவையும் ஊர்களின் மீதுதான் விழுந்தன, மனிதர்களைத்தான் கொன்றன. இதைச் சொல்லாமல் விடுவது சரியாகாது.

1945 ஏப்ரல் 26 அன்று தரைப் பணியாளர்கள் வெண்டோவரிலிருந்து ரயிலேறினார்கள். சியாட்டிலில் கப்பலேறி மே இறுதியில் டினியன் சேர்ந்தார்கள். நெப்ராஸ்காவின் மார்ட்டின் ஆலையில் உருவான ஒரு பி-29, ஜூன் 14 அன்று வெண்டோவருக்கு வந்து, இரு வாரங்கள் மட்டுமே நின்றுவிட்டு, 27 அன்று பசிபிக் நோக்கிப் புறப்பட்டது. அதற்கு அப்போது பெயர் கிடையாது. தம் தாயின் பெயரான ‘எனோலா கே’ என்பதை டிபெட்ஸ் அதன் மீது எழுதச் செய்தது டினியனில்தான். ஆகஸ்ட் 6 காலை 8.15 மணிக்கு அது ஹிரோஷிமா மீது குண்டை வீசியது. மூன்று நாள் கழித்து நாகசாகி. சோதனைகளை மேற்பார்வையிட்ட ஆஷ்வொர்த், நாகசாகிக்குச் சென்ற விமானத்தில் குண்டுக்குப் பொறுப்பாளராக இருந்தார். அவ்வாண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் ஏறத்தாழ 1,40,000 பேரும் நாகசாகியில் ஏறத்தாழ 70,000 பேரும் இறந்தார்கள் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. வெண்டோவரில் எஞ்சியிருந்தவர்களில் பலர், தாங்கள் எதற்காக உழைத்தோம் என்பதை வானொலிச் செய்தியில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள்.

ஆக, ஏன் அந்த இடம் என்ற கேள்விக்கு என் பதில் இது. 1940இல் வெண்டோவரைத் தேர்ந்தெடுக்க வைத்ததும் 1944இல் தேர்ந்தெடுக்க வைத்ததும் ஒரே வெறுமைதான் என்றாலும், இரண்டு முறையும் அதன் பயன் வேறு. முதலில், குண்டு தவறி விழுந்தாலும் எவருக்கும் ஆபத்தில்லை என்பதற்காக. பின்னர், குண்டு சரியாக விழுந்தாலும் எவரும் பார்க்கக்கூடாது என்பதற்காக. டிபெட்ஸ் வந்தபோது ஓடுதளமும் கொட்டகைகளும் ஆயிரக்கணக்கானோருக்கான இருப்பிடமும் ஆயத்தமாக இருந்தன. அவற்றை நிரப்பியிருந்த படைகள்தான் போய்விட்டிருந்தன. பாலைவனத்தில் புதிதாக ஒரு தளம் கட்டியிருந்தால் 1945 ஆகஸ்டுக்குள் அந்தப் படை ஆயத்தமாகியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

போர் முடிந்ததும் 509ஆம் குழு நியூ மெக்சிகோவின் ராஸ்வெல் தளத்துக்குப் போயிற்று. குண்டு பொருத்தும் பணி ஆல்புகெர்க்கி அருகே சாண்டியாவுக்கு மாறியது. இன்றைய சாண்டியா தேசிய ஆய்வகத்தின் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது. 1947 வரை சில ஏவுகணைச் சோதனைகள் நடந்தன. பிறகு தளம் ஓய்ந்தது. தார்க்காகிதக் கட்டடங்கள் ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டும் இடிந்தும் மறைந்தன. 1977இல் விமானநிலையம் ஊரிடம் ஒப்படைக்கப்பட்டது. எனோலா கே இன்று வாஷிங்டன் அருகே ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் கிளையில் நிற்கிறது. அது நின்ற கொட்டகை வெண்டோவரில் பழுதுபார்க்கப்பட்டிருக்கிறது, குண்டு ஏற்றிய குழியும் இருக்கிறது. உப்புவெளியைச் சுற்றி அன்று ஒதுக்கிய திடலின் பெரும்பகுதியில் அமெரிக்க விமானப்படை இன்றும் குண்டு வீசிப் பழகிக்கொண்டிருக்கிறது.